எழுந்திருக்காத பந்தி

இன்று வெள்ளிக்கிழமை மதியம், மலேசியாவின் மூவாரில் எங்கள் முருகன் கோயில் அன்னதானத்துக்குப் பக்கத்து வீட்டு நூவையும் அவர் மகளையும் அழைத்துப் போனேன். மியன்மாரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள்.

இலையில் சோறும் சாம்பாரும் விழுந்த பிறகு, கமிட்டித் தலைவர் என் பக்கம் குனிந்தார்.

“இவங்ககிட்ட ஐசி, அடையாள கார்டு இருக்கா? போலீஸ் வந்தா கோயிலுக்குத்தான் பிரச்சனை லா. இனிமே கூட்டிட்டு வராதம்மா.”

“முருகனே ஐசி கேக்கல. நீங்க ஏன் அண்ணே கேக்குறீங்க?” என்றேன்.

அவர் நிமிர்ந்து, “பந்தி முடிஞ்சிருச்சு, எல்லாரும் எந்திரிங்க!” என்று சத்தம் போட்டார்.

கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் இலையை மூடக் கூடாது என்பது எங்கள் பந்தியின் வழக்கம். நூவின் மகள் அப்போதுதான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கையைத் தூக்கி ரசம் கேட்டேன். எதிரில் சாப்பிட்டு முடித்திருந்த லோரிக்கார செல்வம் அண்ணன், மறுபடியும் சோறு கேட்டார். அப்புறம் ஒருவருக்கு மோர், இன்னொருவருக்குப் பாயசம். வரிசையில் ஒருவரும் எழவில்லை.

தலைவரே, இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த வெள்ளியும் நாங்கள் மூவரும் வருவோம். நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன்.

என் பக்கத்து இலைக்கு யார் வருகிறீர்கள்?