இனித்த தட்டுத் தண்ணீர்

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையில் எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்த சமயம். புத்தூரில் ஒரு ஹைஸ்கூலில், தமிழ்ப் பிரிவுக்கு நான் தற்காலிக சயன்ஸ் டீச்சர். சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்துச் சரி என்றால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் சொந்த ஊரான கார்வேட்டிநகரத்துக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கே நைனா படுத்த படுக்கையாக இருந்தார். வீடு என்னை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வருபவர் தெலுங்குக்காரர், தமிழ்ப் பிரிவை இழுத்து மூடத்தான் வருகிறார் என்று கூட வேலை பார்த்தவர்கள் வேறு பயமுறுத்தினார்கள்.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு எதை விடும், எதை விடாது என்பதுதான் பாடம். உருளைக்கிழங்கைக் கிண்ணம் மாதிரி குடைந்து, பாதிவரை சர்க்கரைப் பாகு ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்தித் தண்ணீர்த் தட்டில் வைக்க வேண்டும். வெளியே இருக்கும் தண்ணீர் கிழங்கு வழியாக உள்ளே புகுந்து, பாகு ஊசிக்கு மேலே ஏறும். சர்க்கரை வெளியே வராது. முதல் நாள் மாலையே கிழங்கைக் குடைந்து ஈரத்துணியால் மூடி வைத்தேன். காலையில் நான் குளித்து வருவதற்குள், நான் குடியிருந்த வீட்டுக்கார அக்கா அதை டிபன் கேரியரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். திறந்துகூடப் பார்க்காமல் ஓடினேன்.

காலை வகுப்பில், இருந்த பதற்றத்தில் கிழங்கைச் சரியாகக் கவனிக்காமலே எல்லாவற்றையும் அமைத்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். மதியம் வந்து பார்த்தால், பாகு ஏறவில்லை. ஊசிக்குக் கீழே இறங்கியிருந்தது.

நான் விழித்துக்கொண்டு நிற்கையில், முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி தட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "டீச்சர், தண்ணி இனிக்குது" என்றாள். வகுப்பே சிரித்தது. கிழங்கைத் தொட்டுப் பார்த்தேன். கொழகொழவென்று இருந்தது. வெந்த கிழங்கு! அக்காவின் கைவேலை என்று புரிந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் இனிக்கும் தண்ணீரை எங்கே ஒளிப்பது? கிழங்கு வெந்துவிட்டது, வெந்தால் சவ்வு செத்துவிடும், அதனால்தான் சர்க்கரை வெளியே வந்துவிட்டது, நான் பார்த்திருக்க வேண்டும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தூர் பஸ் புறப்படும் நேரம். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"பரவாலேதம்மா. பச்சைக் கெழங்கு வச்சி இன்னொரு தரம் செய்யிங்க. நான் அடுத்த பஸ்ல போய்க்கிறேன்" என்றார்.

அவரே பியூனை ஓட்டலுக்கு அனுப்பி, மசாலாவுக்கு வைத்திருந்த கிழங்கில் ஒன்றை வாங்கி வரச் செய்தார். அங்கேயே குடைந்து பாகு ஊற்றி, வேறு தட்டில் புதுத் தண்ணீர் விட்டு, வெந்த கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். பள்ளி விட்டும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. பாகு மெல்ல மெல்ல ஏறி ஊசியைத் தாண்டியது. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, அந்தப் பெண்ணைப் போலவே புதுத் தட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, இனிக்கவில்லை என்று தலையை ஆட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அக்காவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் எண்ணத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். அவரோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கெழங்கு கறுத்துக்கினு கெடந்துச்சி. பெரிய ஆபீசரு துன்றதாச்சேன்னு சுடுதண்ணில போட்டெடுத்து வச்சேன். நல்லா இருந்துச்சின்னாரா?"

கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ரொம்ப நல்லா இருந்துச்சிக்கா. சாயங்காலம் வரைக்கும் எழுந்து போவவே இல்ல."

வேலை நிரந்தரமானது. அதன் பிறகு எத்தனையோ வருடங்கள் வகுப்பெடுத்தேன். பதில் வராமல் ஒரு பிள்ளை திணறி நிற்கும்போதெல்லாம், எனக்காகப் பஸ்ஸை விட்டவர் நினைவுக்கு வருவார். உட்கார் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் காத்திருப்பேன்.