ஆற்றிய பால்

1986, தீபாவளிக்கு முந்தைய மாதம். என் இடது சிறுநீரகத்தை அண்ணனுக்கு வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அண்ணனும் பிடோக் வீட்டிலிருந்து சிராங்கூன் ரோடு வரை தனியாக பஸ்ஸில் போய்வரும் அளவுக்குத் தேறியிருந்தார். அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை, வழக்கமான பரிசோதனையில் அண்ணன் ரத்தத்தில் கழிவு கூடியிருப்பதாகச் சொன்னார்கள். புதன்கிழமை மறுபடி பார்த்தார்கள். இன்னும் கூடியிருந்தது. அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

அவர் உடம்பு என் சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். அந்த எதிர்ப்பை அடக்கத்தான் அண்ணன் தினமும் குடித்துவந்த மருந்து. எண்ணெய் போலிருக்கும்; பாலில் கலந்து குடிக்க வேண்டும். அந்த மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. எத்தனை வேளை விட்டுப்போனது என்று அண்ணியிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

"ஒரு வேளைகூட விடல தம்பி. காலையில, ராத்திரி, ரெண்டு வேளையும் நானேதான் கலக்கிக் கொடுக்கிறேன்."

டாக்டர் தலையசைத்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவர் போனபின் அண்ணன் என்னைப் பார்த்து, "உன் சாமான் உன்ன மாதிரியேதான்டா. யாரோடயும் ஒத்துப்போகாது" என்றார். சிரிக்க முயன்றேன். அவர் கண்கள் சிரிக்கவில்லை. இது போனால் மறுபடி ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம்தான். கொடுக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

அன்று மாலை வார்டில் இருந்த மிஸ்ஸி (நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தமிழ்ப் பெண். அவரும் அதையே கேட்டார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஆளாளுக்கு இதையே கேட்கிறீங்க? நான் என்ன, அவரு குடிக்க வேண்டியத சிங்க்ல ஊத்துறேனா? மருந்தக் கொடுங்க. எப்படிக் கொடுக்கிறேன்னு பாத்துக்குங்க."

"சரி அக்கா, காட்டுங்க லா" என்றார் மிஸ்ஸி.

அண்ணி கூடையிலிருந்து பிளாஸ்கையும், அண்ணனுக்கென்றே தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் குவளைகளையும் எடுத்தார். காய்ச்சிய பாலை ஊற்றினார். ஆவி பறந்தது. மருந்தை அளந்து அதில் விட்டார். பிறகு ஆற்றத் தொடங்கினார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, ஒரு முழ உயரத்தில், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

"அக்கா, நிறுத்துங்க."

காலியாக இருந்த குவளையை மிஸ்ஸி வாங்கி உட்புறம் விரலால் தடவி, விளக்கடியில் காட்டினார். விரல் பளபளத்தது.

"மருந்து இங்கதான் இருக்கு. பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். நாங்க கண்ணாடி கிளாஸ்ல சூடில்லாத பால்ல கலக்கி, உடனே கொடுப்போம். அப்புறம் அதே கிளாஸ்ல இன்னும் கொஞ்சம் பால் ஊத்தி, அலசி, அதையும் குடிக்க வைப்போம். யாரும் சொல்லலையா?"

"கண்ணாடின்னு சொன்னாங்க. இவருக்குக் கை நடுங்குது, ரெண்டு கிளாஸ் உடஞ்சிருச்சு. பச்சப் பால்ல கிருமி இருக்கும்னு காய்ச்சினேன். சூடா எப்படிக் கொடுக்கிறது? ஆத்தாம யாரு பால் கொடுப்பா?"

கை நடுக்கமும் அந்த மருந்தின் வேலைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கொடுத்தீர்களா என்று எல்லோரும் கேட்டோம். எப்படிக் கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிரவே நரம்பில் வலுவான ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். அண்ணனின் முகம் வீங்கியது. வெள்ளிக்கிழமை கழிவின் அளவு இறங்கவில்லை. சனிக்கிழமை சற்று ஏறியது. ஞாயிறு மாலை லிஃப்டுக்குக் காத்திருக்கையில் அண்ணி கேட்டார்:

"தம்பி, நீங்க கொடுத்ததக் கெடுத்துட்டேனா?"

"நாளைக்கு ரிசல்ட் வரட்டும் அண்ணி" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியாது.

திங்கட்கிழமை அளவு இறங்கியது. செவ்வாய் இன்னும் இறங்கியது. எதிர்ப்பு நின்றுவிட்டது, ஆனால் சிறுநீரகம் பழைய அளவுக்கு இனி வேலை செய்யாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இரண்டையும் அப்படியே அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போகலாம்னு கேளுங்க" என்றார்.