மோட்டார் கொட்டகைக்கு இரண்டு பூட்டு

எங்கள் வீட்டில் யாரும் திருடர் இல்லை. ஆனாலும் நான் சிறுவனாக இருந்தபோது கொஞ்ச காலம் எல்லாரும் எல்லாரையும் திருடனைப் பார்ப்பது போலவே பார்த்தோம். காரணம் ஒரு சின்னப் பெட்டி.

படாளத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நிலம் தனித்தனி. கிணறும் மோட்டாரும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. முறை தொடங்குகிறவர்தான் வந்து மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவர்களின் தங்கை, பாலிடெக்னிக் படித்த என் அத்தை, ஒரு பெட்டி செய்து மாட்டினார். அதற்குள் பூரான் போலப் பல கால்களோடு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருந்தது, அதுதான் மூளை. சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டுப் போனால், மின்சாரம் வந்ததும் பெட்டியே மோட்டாரை ஓட்டும். போடாவிட்டால் சும்மா இருக்கும். இருக்க வேண்டும்.

பெரியப்பா தன் முறைக்குக் காலையில் வந்தால், தண்ணீர் எங்கள் வேர்க்கடலையில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அப்பா போனால், அவர்கள் நெல்லில் ஓடியது. இரண்டு நாளும் சுவிட்ச் அணைந்தே இருந்தது.

"இன்னாடா, உங்கப்பன் என் முறையில தண்ணி இறைச்சிகினு கீறான்?" என்று பெரியப்பா என்னிடமே கேட்டார்.

"அவரே போட்டுட்டு நம்ம மேல பழி போட்றாரு," என்றார் அப்பா. பெரியம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பை அம்மா அன்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

பெரியப்பா கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். அப்பா அதன் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். மறுநாள் காலை இரண்டு பூட்டும் அப்படியே தொங்க, உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தேகம் அத்தை மேல் திரும்பியது. செங்கல்பட்டிலிருந்து அவரை வரவழைத்தார்கள்.

"செல்லுலேர்ந்து ஓட்றியா?" என்றார் பெரியப்பா.

"நீ எப்பவுமே பெரியண்ணன் கட்சிதானே," என்றார் அப்பா.

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல. அங்க உக்காந்துகினு உங்க கடலைக்குத் தண்ணி பாய்ச்சறேன்!"

"இன்னிக்குத் தெரியலன்னா கிணத்து நடுவுல சுவரு எழுப்பிடுவேன்," என்றார் பெரியப்பா.

"எழுப்பு. மொதல்ல ரெண்டு பேரும் பூட்டைத் தொறங்க."

அத்தை மெயினை அணைத்துப் பெட்டியைத் திறந்து, பூரானைப் பிடுங்கிப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மெயினைப் போட்டார். உள்ளே 'டிக்' என்றது. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"மூளையே இல்லாம ஓடுது பாரு. நம்ம வூட்டு ஆம்பளைங்க மாதிரி."

அதன் காரணத்தை அத்தை சொன்னபடியே சொல்கிறேன். ரிலே என்பது ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தும் விரல். அந்த விரலை அசைப்பது மூன்று கால் டிரான்சிஸ்டர். அதற்கு உத்தரவு போடுவது மூளை. ஆனால் மின்சாரம் வந்ததும் மூளை விழித்துக்கொள்ளக் கண்ணிமைக்கும் நேரமாவது வேண்டும். அதுவரை டிரான்சிஸ்டரின் உத்தரவு வாங்கும் கால் யார் பிடியிலும் இல்லாமல் கிடக்கும். எங்கிருந்தாவது துளி மின்சாரம் தொற்றினாலும் ரிலே ஒருமுறை அழுத்திவிடும். ஒருமுறை அழுத்தினால் போதுமே, ஸ்டார்ட்டர் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். முந்தின நாள் மடை யார் பக்கம் திரும்பியிருந்ததோ, தண்ணீர் அங்கே போகும்.

"அந்தக் காலைக் கட்டி வைக்க ஒரு ரெசிஸ்டர் போடணும். விட்டுட்டேன். என் தப்புண்ணா."

அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, மூளையைத் திருப்பிச் செருகி, மெயினை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினார். மோட்டார் வாய் திறக்கவில்லை.

நான் குதித்தேன். யாருமே திருடவில்லையே! அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள். பெரியப்பா குனிந்து தன் பூட்டை மாட்டினார். அப்பாவும் தன் பூட்டை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"பொட்டிதான் சரியாயிடுச்சே, பூட்டு எதுக்கு அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை பூட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் உரக்கக் கேட்டேன்.