கொடியில் விழுந்த அச்சு முடிச்சு

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் தர்மராஜின் பொம்மைக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவது முதலாளி இல்லை, தொழிலாளி. வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி வருஷத்துக்கு ஒருவர். போன வருஷம் கொளஞ்சிநாதன். இந்த வருஷம் ரசியா பேகத்தின் முறை.

கொடியை மடித்து, உள்ளே பூ வைத்துக் கட்டுவது எப்போதுமே ரசியாதான். கட்டுவது இவள், பூ கொட்டுவது யார் தலையிலோ. ஒரே ஒரு தடவை அந்தக் கயிற்றை இழுத்துவிட வேண்டும் என்ற ஆசை அவளைப் பாடாய்ப் படுத்தியது. துபாயிலிருக்கும் புருஷனிடம் போனில் சொல்லிப் பெருமையும் அடித்தாயிற்று.

முதல் நாள் சாயங்காலம் தர்மராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "ரசியாம்மா, இந்த வருஷம் நம்ம பேட்டை மொதலாளிங்க சங்கத் தலைவரக் கூப்ட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க மொதலாளி" என்றாள். எல்லாருக்கும் வந்த முறை தன்னிடம் வரும்போது மட்டும் ஏன் தடம் மாறுகிறது என்று கேட்க வாய் வரவில்லை.

விடிந்ததும் கொடியைக் கட்டினாள். மனசு எங்கேயோ கிடக்க, கை பழக்கத்தில் வேறு முடிச்சைப் போட்டுவிட்டது. பொம்மை அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்குகிற முடிச்சு அது.

தலைவர் இழுத்தார். அவிழவில்லை. வெடுக்கென்று இழுத்தார். ஊஹூம். ரசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மேஜைத் தங்கம்மாள் கட்டியிருந்தால் அது வெறும் முடிச்சு. நான் கட்டியதற்கு என்ன அர்த்தம் சொல்வார்களோ?

"அடியே ரசியா, அச்சு முடிச்சு போட்டுட்டியாடீ!" தங்கம்மாளே கத்தினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் வேறொன்றும் இல்லை. ரசியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

இறக்கி, மாற்றிக் கட்டினாள். தலைவர் மறுபடி கயிற்றைத் தொடவில்லை. "கட்டுனவங்களே இழுக்கட்டும்" என்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

இழுத்தாள். முக்காட்டின் மேல் பொலபொலவென்று பூ கொட்டியது. இதற்குத்தானே இத்தனை ஏக்கம்! ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒருத்தர் கோபித்துக்கொண்டு விட்டுக்கொடுத்ததுதானே இது. பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

மிட்டாய் கொடுக்கும்போது, சூளையில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் பிர்ஜு கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தன் அரைகுறைத் தமிழில் கேட்டார்: "அக்கா, என் நம்பர் வரும்?"

"தங்கம்மாவுக்கு அப்பறம் கார்முகிலு. அதுக்கப்பறம் நீங்கதான்."

"கூப்டுவாங்க?"

ரசியாவின் கையிலிருந்த மிட்டாய் பிசுபிசுத்தது.

"எனக்குன்னா கேக்க வாயி வரல தம்பி" என்றாள். "ஒங்களுக்குக் கூப்டலன்னா நான் கேப்பேன்."