மிளகளவு பெருங்காயம்

இங்கே வளைகுடாவில், கராமாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு மலையாளிக் கடை இருக்கிறது. போன மாதம் அங்கே புதிதாகத் தட்டுகள் அடித்து, ஊரிலிருந்து வரும் சாமான்களை அடுக்கியிருந்தார்கள். மசாலாத்தூள், அப்பளம், ஊறுகாய் எல்லாம் இப்போது டப்பாக்களில் வருகின்றன. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் எனக்கு எதையும் வாங்க முடியாது. நாலு வருடம் ஆசிரியையாக இருந்தபோது பிடித்த வியாதி அது. எழுத்தைக் கண்டால் பிழை தேடுவேன். அன்று கையில் எடுத்தது பெருங்காய டப்பா. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். முதலில் கோதுமை மா. அடுத்தது பிசின். கடைசியில்தான் பெருங்காயம்.

இரண்டு தரம் படித்தேன். கடைக்காரர், "எந்தா சேச்சி, டேட் கழிஞ்சோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, டப்பாவை இருந்த இடத்தில் வைத்தேன். என் மகள் தாரணி தள்ளுவண்டியில் இருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. நடக்கமாட்டாள், பேசமாட்டாள். அது ஏன் என்பது இத்தனை வருடமும் எனக்குப் பாதி தெரிந்த விஷயம். மற்றப் பாதியை யாரோ அந்த டப்பாவில் அச்சடித்து வைத்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது பெருங்காயம் ஒரு செடியிலிருந்து வருகிறது என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. பலசரக்குக் கடைப் பெட்டியில் மஞ்சளாக, மெத்தென்று, பிட்டால் பிட்டு வரும் ஒரு கட்டி. ரசத்துக்குப் போடுவது. இத்தனைக்கும் நான் படித்ததும் படிப்பித்ததும் தாவரவியல். கரும்பலகையில் குடை குடையாகப் பூ வரைந்து, கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் ஒரு குடும்பம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெருங்காயத்தையும் அந்த வரிசையில் எழுதிப்போட்டிருப்பேன்தான். எழுதுவது வேறு, தெரிவது வேறு.

தெரியவைத்தது தேராச் சந்தையில் கடை வைத்திருந்த ஆப்கானியர். கலியாணமாகி நான் இங்கே வந்து சேர்ந்த புதிதில், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என் கணவர் என்னை அப்ரா என்ற படகில் ஏற்றி ஓடைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போவார். இறங்கி இரண்டு சந்து நடந்தால் அவருடைய கடை. கடை என்றால் ஒரு கதவு அகலம். வாசலில் சாக்குகளின் வாயைச் சுருட்டிவிட்டு வைத்திருப்பார். காட்டில் தானாக முளைத்ததைத் தவிர அந்தக் கடையில் ஒன்றும் கிடையாது. அதிமதுர வேர் விறகு மாதிரிக் கட்டாகக் கிடக்கும். மலைச்சீரகம் கறுத்து மெலிந்திருக்கும். ஓடு வெடிக்காத சின்னப் பிஸ்தா, காய்ந்த மலை வெங்காயம், தணலில் போட்டால் படபடவென்று வெடிக்கும் ஒரு விதை. அந்த விதையின் புகை கண்ணூறு நாவூறு கழிக்க நல்லதாம். எங்கள் ஊரில் செத்தல் மிளகாய், அவர்கள் ஊரில் இது. பெருங்காயம் தகரத்தில் இருக்கும், சிவந்த கூழாங்கற்களாக. தகரத்தைத் திறந்தால் சந்தின் அடுத்த முனையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கும் எனக்கும் நடுவில் மொழி என் கணவரின் சைட் ஹிந்திதான். கட்டடக் கம்பெனியில் படம் வரைகிற வேலை அவருக்கு. செங்கல், சிமெந்து, சீக்கிரம் என்பதற்கெல்லாம் ஹிந்தி தெரியும், செடிகொடிக்குத் தெரியாது. ஆகவே ஆப்கானியர் கையாலேயே சொல்வார். பனி கரைந்தவுடன் மலைச்சரிவில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், மாதிரி இலை கிளம்பும். வருடக்கணக்கில் அவ்வளவுதான். பிறகு ஒரு வருடம் தண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி, மஞ்சளாய்க் குடை விரித்துப் பூக்கும். பூத்ததோடு செத்துப்போகும். அது பூப்பதற்கு முன் போய் வேரின் தலையைச் சீவி, வெயில் படாமல் கல்லும் சுள்ளியும் வைத்து மூடிவிட்டு வரவேண்டும். நாலைந்து நாள் கழித்துப் போனால் வேர் பால் விட்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, மறுபடி சீவி, மறுபடி மூடி. அந்த வேலைக்குப் போனவனை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்களாம், நாற்றம். இதைச் சொல்லும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு தன் மனைவி மாதிரி நடித்துக் காட்டினார். ரஷ்யர்கள் வந்தபிறகு அந்தச் சரிவுகளுக்குப் போக முடியவில்லை என்றும் சொன்னார். மனைவி எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒருநாள் காய்ந்த பூத்தண்டு ஒன்றைப் பரிசாகத் தந்தார். நான் அதை அட்டையில் ஒட்டி, இலத்தீன் பெயர் எழுதி, அலுமாரிக் கதவின் உட்புறம் மாட்டினேன். "எங்கட வீட்டு மியூசியம் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கணவர் சிரித்தார். எனக்கு அப்போது உள்ளூரப் பெருமைதான். ஊரில் யாருக்குக் கிடைக்கும் இந்தச் சுத்தமான சாமான்? வளைகுடாவில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள பெருமை அது. தங்கமா, குங்குமப்பூவா, கலப்பில்லாதது எங்களிடம்தான் என்று.

எண்பத்து நாலில் தாரணி பிறந்தாள். அப்போது இருந்த வீட்டில் நாங்கள் இரண்டு குடும்பம். ஒரு அறை எங்களுக்கு, மற்றது காயல்பட்டினத்து மைமூன் ராத்தாவுக்கு. அவர் கணவருக்குத் தேராவில் துணிக்கடை. சமையலறை பொது. ராத்தா நாலு பிள்ளை பெற்றவர். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கொஞ்சம் கிண்டலாக. குழந்தை ஆறு கிழமையாய் இருக்கும்போது அழத் தொடங்கியது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானம் வரை. கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் கன்றி அழும். ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் ஒன்றும் கேட்கவில்லை.

"வயித்துக் காத்துதான் டீச்சர். ஒன் புஸ்தகத்துல இது இல்லையா?" என்பார் ராத்தா, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி.

அம்மாவுக்கு எழுதினேன். பதில் வர மூன்று கிழமை. நீல வான்கடிதத்தில் அம்மா எழுதியிருந்தா: "பெருங்காயம் ஒரு மிளகளவு எடுத்துச் சுடுதண்ணீரில் உரைத்து, சங்கால் பருக்கு. ஒரு தரத்தில் கேட்காவிட்டால் பின்னும் ஒரு தரம். உன்னையும் அப்படித்தான் வளர்த்தது."

கணவரிடம் சொல்லவில்லை. நாட்டு வைத்தியம் என்றால் அவருக்குப் பிடிக்காது. அந்த வெள்ளிக்கிழமை தேராவுக்குப் போனபோது பெருங்காயம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஆப்கானியர் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். "சமையலுக்கோ எண்டு கேக்கிறார்," என்றார் கணவர். ஓம் என்றேன். அவர் சிரித்து, தகரத்தின் அடியிலிருந்து நல்ல கட்டி ஒன்றைத் தேடி எடுத்துக் கடதாசியில் சுற்றித் தந்தார். குழந்தைக்கு என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிலவேளை அவரும் கொடு என்றுதான் சொல்லியிருப்பார். அந்த எண்ணமும் உதவவில்லை.

மறுநாள் கணவர் வேலைக்குப் போனபிறகு செய்தேன். எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். மேசையில் ஒரு மிளகை வைத்தேன். பக்கத்தில் பெருங்காயத்தை வைத்துக் கத்தியால் சீவிச் சீவி, மிளகுக்குச் சரியாக வரும்வரை சீவினேன். மிளகிலும் பெரிது சிறிது உண்டே என்று டப்பாவைக் கொட்டி, நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஒப்பிட்டேன். செய்முறைப் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. சுடுதண்ணீரில் உரைத்ததும் பால் போல் வெளுத்தது. ஊரில் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. நல்ல சாமான் என்று நினைத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்து விழுங்கியது. அரை மணியில் அழுகை நிற்கவில்லை. கடிதத்தில் சொன்னபடி பின்னும் ஒரு தரம்.

பதினொரு மணிக்கு அழுகை நின்றது. "பாத்தியா, ஒன் உம்மா கெட்டிக்காரி," என்றார் ராத்தா. பன்னிரண்டு மணிக்கு அவரேதான் குழந்தையின் உதட்டைக் கண்டார். நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. நகமும் அப்படியே. ராத்தா கீழே ஓடிப்போய்க் கடையிலிருந்து என் கணவருக்குப் போன் பண்ணினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டரம்மா. குழந்தையின் காலில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். அது சிவப்பாக இல்லை, கடுங்கோப்பி நிறம். அவர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பால் அல்லாம வேற எதும் கொடுத்தோ? மருந்து, வேர், எதுனாச்சும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "எங்கட வீட்டில உப்பிடி ஒண்டும் குடுக்கிறேல்ல டொக்டர். இவ சயன்ஸ் டீச்சர்."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. "அம்மா சொல்லட்டும்," என்றார்.

"இல்லை," என்றேன். "தாய்ப்பால்தான். கிரைப் வாட்டர்."

அரை மணி கழித்து வந்து மறுபடி கேட்டார். இல்லை. கணவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் முறை கேட்டபோது குரல் கடுமையாக இருந்தது. "நான் போலீஸ் அல்ல. தெரிஞ்சா எனக்கு மருந்து வேகம் கொடுக்கலாம்." அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. ஆனால் முதல் இரண்டு இல்லையும் அப்போது எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தன. பொய் சொன்னவள் என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். அதுதான் உண்மை. குழந்தை போய்விடுமோ என்பதோடு கூட அந்த நினைப்பும் இருந்தது. இல்லை என்றேன்.

இதயத்தைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பின்னேரம் நாலு மணிக்கு வேறொரு பெரிய டாக்டர் வந்து, இரத்தம் காற்றைச் சுமக்கவில்லை, காரணம் எதுவானாலும் போடுங்கள் என்று நீல மருந்து ஒன்றை ஏற்றச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்தது. எல்லாரும் சிரித்தோம்.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது சமையலறை மேசை கழுவித் துடைத்திருந்தது. "அந்தக் கட்டிய நான் குப்பையில போட்டுட்டேன்," என்று ராத்தா தாழ்ந்த குரலில் சொன்னார். "நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காதே. புள்ள பொழச்சுக்கிட்டுல்ல? அல்லாஹ் காப்பாத்திட்டான்." அம்மாவின் அடுத்த கடிதத்தில், பெருங்காயம் கொடுத்தனியோ, சுகமோ என்று கேட்டிருந்தா. ஓம் அம்மா, சுகம் என்று எழுதினேன்.

குழந்தை ஐந்து மாதத்தில் கவிழவில்லை. பத்து மாதத்தில் எழும்பி உட்காரவில்லை. ஒரு வயதில் டாக்டர்கள் தலையைச் சுற்றி அளந்தார்கள். எதனால் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்றார்கள். கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். யாரும் கேட்டால், "அவ பிறக்கேக்கயே அப்பிடித்தான்," என்பார். நான் பக்கத்தில் நிற்பேன்.

டப்பாவைப் படித்த அன்று மத்தியானம் கணக்குப் பார்த்தேன். அம்மாவின் மிளகளவில் பாதிக்கு மேல் கோதுமை மா. என்னுடையதில் மா இல்லை. அம்மா சொன்னது சரி, ஆப்கானியர் தந்தது சரி, நான் அளந்ததும் சரி. மூன்றும் சரியாக இருந்து இப்படி ஆகியிருக்கிறது. அதிலும் பெருங்காயத்தால் ஆனது எவ்வளவு, நான் மறைத்த அந்த நாலு மணி நேரத்தால் ஆனது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் கேட்பது? தேராவில் அந்தச் சந்து முழுக்க இப்போது கல்குலேட்டரும் கைக்கடிகாரமும். ஆப்கானியர் ஈரானுக்குப் போனார் என்கிறார்கள், பாகிஸ்தான் முகாமுக்கு என்றும் சொல்கிறார்கள். மைமூன் ராத்தா விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய் மூன்று வருடம். ஒரு பெருநாள் வாழ்த்து வந்தது, பிறகு இல்லை. அம்மா போன வருடம் ஊரில் பிரச்சினை நடந்த நாட்களில் காலமானா. செய்தி எனக்கு வந்து சேர்ந்தது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் பிறகு. அக்காவின் பிள்ளைகளுக்கும் அம்மா அதையே பருக்கியிருப்பா. அவர்கள் ஓடித்திரிகிறார்கள்.

போன கிழமை தாரணியைப் பள்ளிக்குச் சேர்க்க முடியுமா என்று பார்க்க ஒரு புது டாக்டரிடம் போனோம். மதுரைக்காரர், சின்ன வயது. கணவர் கார் நிறுத்தப் போயிருந்தார். அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன். மிளகு, கடிதம், மூன்று இல்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஐந்து வருடமாக மனதில் ஒத்திகை பார்த்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முன்னால் கோப்பு திறந்திருந்தது, பேனா கையில் இருந்தது.

"இருக்கலாம்மா," என்றார் கடைசியில். "இல்லாமலும் இருக்கலாம். இனிமே அதைத் தெரிஞ்சுக்க வழியில்ல. தெரிஞ்சாலும் பாப்பாவுக்குச் செய்யப்போறதுல ஒண்ணும் மாறாது."

பேனா அசையவில்லை. நான் சொன்ன அந்தப் பதில் அன்று ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மத்தியானத்துக்கு மட்டும் தேவைப்பட்டது. அது போய்விட்டது.

கதவு திறந்து கணவர் உள்ளே வந்தார். டாக்டர் ஒரு பக்கம் புரட்டி, "போலியோ சொட்டு எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அதை எழுதிக்கொண்டார்.