தலை ஒடிந்த போல்ட்டு

காரைக்குடி செக்காலை ரோட்டில் கோட்டைச்சாமி நடத்திய வண்டிப் பட்டறையில் மாயக்கண்ணன் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். கைப்பலம் உள்ளவன். அந்தப் பலமே அவனுக்கு எமனாகவும் இருந்தது. இறுகிப்போன போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டால் சில நேரம் போல்ட்டு கழலாது, ஒடிந்துவிடும். அறுபத்தெட்டாம் வருஷத்து மாசிக்குள் மூன்றை ஒடித்திருந்தான். "இன்னொண்ணு ஒடிஞ்சா பட்டறைப் பக்கம் தலவச்சுப் படுக்காத" என்று கோட்டைச்சாமி சொல்லியிருந்தார். வீட்டில் மனைவி அழகி, மூன்று பிள்ளைகள். அந்தச் சொல் அவன் காதை விட்டுப் போகவே இல்லை.

அந்த மாசியில்தான் பெத்தன் தன் வாடகை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். பழைய பெட்ரோல் வண்டி. இருபது மைல் ஓடினால் எஞ்சின் தானாக நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் மறுபடி கிளம்பும். திறந்து பார்த்ததும் மாயக்கண்ணனுக்குப் புரிந்துபோயிற்று. புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் போல்ட்டுகள் தளர்ந்து, அனல் கசிந்து, மேலே இருக்கும் இக்னிஷன் காயிலைச் சுட்டுக்கொண்டிருந்தது. காயில் சூடேறினால் பிளக்கில் பொறி வராது.

புதுக் காயிலை மாட்டினான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். கடைசிப் போல்ட்டில் 'டக்'கென்று ஒரு சத்தம். தலை கையோடு வந்துவிட்டது. தண்டு உள்ளேயே நின்றுகொண்டது.

வாசலில் வேனை வாடகைக்குப் பேசியிருந்த நாச்சியம்மை ஆச்சி குடும்பத்தோடு காத்திருந்தாள். தம்பி மகளுக்குக் காளையார்கோவிலில் காதுகுத்து. "முடிஞ்சுதாடா?" என்று பெத்தன் கேட்டான். மாயக்கண்ணன் உள்ளே திரும்பிப் பார்த்தான். கோட்டைச்சாமி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ஒடிந்த தலையைக் கிரீஸில் தோய்த்து, இருந்த இடத்திலேயே ஒட்டவைத்தான்.

"முடிஞ்சதுண்ணே" என்றான்.

பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினான்கு பேர் ஏறினார்கள். காது குத்தப்போகிற குழந்தை சன்னலோரம் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தது. வேன் போய்விட்டது.

மண்ணெண்ணெயில் கை கழுவும்போதுதான் அவனுக்கு உறைத்தது. போல்ட்டு ஒடிந்த இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளித்தான் பெட்ரோல் குழாய் போகிறது. பழைய ரப்பர் குழாய். தான் அப்பிய கிரீஸ் வேறு சூட்டில் உருகிப் பற்றும். "வயித்துவலிண்ணே" என்று கோட்டைச்சாமியிடம் சொல்லிவிட்டு, ஒரு காயிலையும் போல்ட்டையும் அரம், ரெஞ்சு, மண்ணெண்ணெய்ப் புட்டி என்று நாலு சாமானையும் பைக்குள் போட்டுக்கொண்டு, வேன் போன வழியில் இருக்கும் கல்லலுக்குப் போகிற பஸ்ஸுக்கு ஓடினான்.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. படியில் தொங்கியபடி ஒவ்வொரு வளைவிலும் எட்டி எட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் மரங்களுக்கு மேல் கரும்புகை எழுந்தது. பஸ் நெருங்கியதும்தான் அது விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் என்று தெரிந்தது. கல்லலில் இறங்கி, காளையார்கோவில் பக்கம் போன செங்கல் லாரியில் தொற்றிக்கொண்டான்.

மூன்று மைல் தாண்டியதும் வேன் தெரிந்தது. ரோட்டோரம் நின்றிருந்தது. ஆட்கள் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் மூன்று பேர் வேனுக்குள்ளேயே இருந்தார்கள். பெத்தன் எஞ்சின் மூடியைத் திறந்து, பாட்டிலில் இருந்த பெட்ரோலைக் கார்ப்ரேட்டர் வாயில் ஊற்றக் குனிந்துகொண்டிருந்தான். கிளம்பாத வண்டிக்கு டிரைவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. ஆனால் கீழே ஒடிந்த போல்ட்டு இருந்த இடத்தில், கிரீஸ் கருகி நூல்போலப் புகை வந்துகொண்டிருந்தது.

லாரி நிற்கும் முன்பே குதித்து ஓடினான்.

"அண்ணே! ஊத்தாதீக!"

பாட்டிலைப் பிடுங்கியதில் பெட்ரோல் சிந்தி அவன் சட்டையெல்லாம் நனைந்தது. பெத்தன் திகைத்து நின்றான். மாயக்கண்ணன் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி எறிந்து, புகைக்குழாய்மேல் மண்ணை அள்ளிப் போட்டான். புகை அடங்கியதும் பெத்தன் பக்கம் திரும்பினான்.

"போல்ட்டு ஒடிஞ்சிருச்சுண்ணே. நான்தான் மறச்சுட்டேன்."

பெத்தன் கை ஓங்கினான். நாச்சியம்மை ஆச்சி குறுக்கே வந்தாள்.

"அடிக்கிறதப் பொறகு அடிச்சுக்க. மொதல்ல வண்டியச் சரிபண்ணட்டும்" என்றவள், மாயக்கண்ணனை நேராகப் பார்த்தாள். "பிள்ளைகள ஏத்தயில பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

"ஆமா ஆச்சி" என்றான்.

எஞ்சின் ஆறியதும் புகைக்குழாயைக் கழற்ற உட்கார்ந்தான். மற்ற போல்ட்டுகளும் ஒடிந்தால் இந்தப் பொட்டல்வெளியில் என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அசைத்தான். ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. குழாய் விலகியதும், ஒடிந்த தண்டு அரை அங்குலம் வெளியே துருத்தி நின்றது. இரண்டு பக்கமும் அரத்தால் தட்டையாக்கி, ரெஞ்சால் கவ்விப் பிடித்தான். "இதுவும் ஒடிஞ்சா?" என்று பெத்தன் கேட்டான். அவன் தண்டின் அடியில் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டான். முக்கால் மணி நேரம் கழித்துக் கிறீச்சென்ற சத்தத்தோடு தண்டு திரும்பியது.

புதுப் போல்ட்டை முறுக்கிக் குழாயைப் பழையபடி மாட்டினான். வெந்துபோன காயிலை எடுத்துவிட்டு, கொண்டுவந்ததை அனல் படாத இடத்தில் கம்பியால் கட்டினான். அவனையும் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போய்ச் சேரும்போது நல்ல நேரம் தப்பியிருந்தது. மறுநாள் காலையில்தான் காது குத்தினார்கள். அழுத குழந்தையைத் தூரத்தில் நின்று பார்த்தான். பக்கத்தில் போகத் துணியவில்லை.

திரும்பி வந்ததும் கோட்டைச்சாமியிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவர் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஆறு மாதம் சாமான் கழுவும் வேலைதான் கொடுத்தார்.

அந்தப் பயம் பிறகு அவனை விடவே இல்லை. போல்ட்டு கொஞ்சம் இறுகி இருந்தாலும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "இது ஒடிஞ்சாலும் ஒடியும், பக்கத்துல நில்லுங்க" என்பான். சிலர் கேலி செய்தார்கள். தூக்கத்தில் "ஊத்தாதீக" என்று கத்துவதாக அழகி சொன்னாள்.

பெத்தன் மூன்று வருஷம் அவனோடு பேசவில்லை. எழுபத்தொன்றில் ஒருநாள் வேனோடு வந்தான். முகம் கொடுக்காமல் சாவியை நீட்டினான். அருகிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேலை முடியும்வரை மாயக்கண்ணனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.