புயல் கூண்டு ஏற்றிய மதியம்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதால் மதியமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் வந்தாயிற்று. ஒன்பதாவது படிக்கும் என் மகள் செல்சியை மட்டும் காணவில்லை. அவள் அப்பா கப்பல் வேலையில் இருக்கிறார். டீச்சருக்குப் போன் செய்தேன்.

"அவளுக்கு அம்மை போட்டிருக்குன்னு லீவு லெட்டர் வந்துச்சுல்லா? ஒரு வாரத்துக்கு மேல வரலையே" என்றார்.

தினமும் யூனிபார்ம் போட்டு, சோறு கட்டிக்கொண்டுதானே போனாள்! தெருவெல்லாம் தேடிவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். கடல் கறுத்துக் கிடந்தது. படகை மேலே இழுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி நான் செல்சியைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"ஏளா, அந்தக் கவுத்துப் போட்ட பழைய வள்ளத்துக்கு அடியில பாரு! பகல்ல அங்கனதான் இருப்பா. சொன்னா நீ தப்பா நெனைப்பியோன்னு இருந்துட்டேன்."

அலை அந்தப் பழைய படகு வரை வந்துவிட்டது. அவள் நுழைந்த இடைவெளியை மணல் மூடியிருந்தது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். இடுப்பு வரை நனைந்து, நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"இங்கிலீஷ் வாசிச்சா எல்லாரும் சிரிக்காவம்மா" என்றாள்.

இப்போது அண்ணாச்சி மகள் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து வாசிக்கிறாள். செல்சி பள்ளிக்கு வரவில்லையென்றால் டீச்சர் காலையிலேயே கூப்பிடுகிறார். பள்ளி நேரத்தில் யூனிபார்மோடு எந்தப் பிள்ளை வெளியே நின்றாலும் நான் நிறுத்தி விசாரித்து, வீட்டிலும் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.